யாழ்ப்பாணத்திலிருந்து எல்ல ராவணா நீர்வீழ்ச்சிக்கு: முதல்தடவை போகிறவர்கள் வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்

எங்களூரில் மலை கிடையாது. ஆறு என்றால் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான். அதனால் நீர்வீழ்ச்சி என்று யாராவது சொன்னால் கீரிமலைக் கேணிபோல ஒரு இடம் மனதில் வந்துவிடும்: படியில் இறங்கலாம், குளிக்கலாம், துவாயைப் பிழிந்துகொண்டு ஏறலாம். நாங்களும் அந்த நினைப்போடுதான் முதல்தடவை போனோம். அம்மா, எங்கள் வீட்டார், கனடாவிலிருந்து வந்திருந்த அக்கா குடும்பம் என்று பதினொரு பேர், ஒரு வான், சித்திரை வருட லீவு. பின்னேரம் நாலரைக்கு மழைக்குள் போய்ச் சேர்ந்து, கொஞ்ச நேரம் நின்று, ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து, வான் பிரேக் கருகி, இரவு எட்டு மணிக்கு அறை தேடி அலைந்தோம். அடுத்த மாசியில் அதே இடத்துக்குத் திரும்பவும் போனபோது அதே ஆட்களுக்கு அது அவ்வளவு நல்ல பயணமாக இருந்தது. இரண்டுக்கும் இடையில் நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராவணா நீர்வீழ்ச்சி பதுளை மாவட்டத்தில், எல்லவிலிருந்து வெல்லவாய போகிற ஏ23 வீதியில், எல்ல ரவுணிலிருந்து 6 கிலோமீற்றர் கீழே இருக்கிறது. காட்டுக்குள் நடக்கத் தேவையில்லை. வான் கதவைத் திறந்தால் முன்னால் தண்ணீர். சுமார் 25 மீற்றர் உயரத்திலிருந்து பாறை பாறையாகத் தட்டி விழுகிறது. நடக்கிற இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன: சின்ன சிவனொளிபாத மலை என்கிற லிட்டில் அடம்ஸ் பீக், எல்ல பாறை, தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலம்.

1. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள், அப்புறம்தான் திகதி

எங்களுக்குப் பிள்ளைகளின் லீவுதான் கணக்கு: சித்திரை, ஆவணி, மார்கழி. மூன்றிலும் ஒவ்வொரு சிக்கல் இருக்கிறது.

சித்திரையில் காலை நல்ல வெயிலாக இருக்கும். மதியம் ஒன்று இரண்டு மணிக்குப் பிறகு இடியும் மழையுமாக இறங்கிவிடும், மலைப்பக்கத்தில் இது கிட்டத்தட்ட நாளாந்த வழமை. கூட்டமும் அதிகம், நாடு முழுக்க வருட லீவு. ஆவணியில் வெயில்தான், ஆனால் தண்ணீர் மெலிந்துவிடும், பாறைதான் கூடத் தெரியும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் தண்ணீர் பார்க்கப் பிரமாதம், ஆனால் மழையும் மண்சரிவும் அந்தக் காலத்தில்தான். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவு நடந்தது இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைப் பக்கத்தில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த மாதங்களில் குழந்தை குட்டிகளோடு போக நான் சொல்லமாட்டேன்.

தை கடைசி முதல் பங்குனி வரைக்கும் நல்லது. தண்ணீரும் இருக்கும், வானமும் தெளியும், பாதையும் காயும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்தால் போதும். போயா தினத்தோடு சேர்ந்த நீண்ட வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், எல்லவின் ஒற்றை வீதியில் வாகனம் நகராது.

புறப்பட முதல் இரண்டு நாளும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார்கள், சிவப்பு என்றால் வெளியேறச் சொல்கிறார்கள். பதுளை மாவட்டத்துக்கு செம்மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். அறைக்குக் கட்டின முற்பணம் போனால் போகட்டும்.

2. எப்படிப் போவது

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, பஸ்ஸும் ரயிலும் கலந்து. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போய், கண்டியிலிருந்து பதுளை ரயிலில் எல்லவுக்கு. யாழ்–கண்டி ஏ9 வீதி 321 கிலோமீற்றர், பஸ்ஸில் ஏழு எட்டு மணித்தியாலம் வரும். கண்டியிலிருந்து எல்ல வரை ரயிலில் இன்னும் ஆறு ஏழு மணித்தியாலம். ஆக, இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கண்டியில் இறங்கிக் காலை ரயிலைப் பிடிப்பதுதான் பொருந்தும். யாழ்ப்பாண ரயிலில் வந்து பொல்காவலையில் மாறலாம்தான், ஆனால் இடையில் காத்திருக்கிற நேரம் பிள்ளைகளோடு தாங்காது.

ஆசன முற்பதிவு பயணத்துக்கு 30 நாளுக்கு முன்னரே திறக்கும். இணையத்திலும் செய்யலாம், யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் கவுண்டரிலும் செய்யலாம். எல்ல ரயிலுக்கு வெளிநாட்டுக்காரரின் போட்டி இருப்பதால் முதல் நாளே முடிந்துவிடும், அதனால் முப்பதாவது நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். கிடைக்கவில்லையா, பதற வேண்டாம். முற்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு ரிக்கெற்றை அன்றைக்கே ஸ்ரேசனில் எடுக்கலாம், இருக்க இடம் கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். சமூக வலைத்தளத்தில் "முற்பதிவு ரிக்கெற் இருக்கிறது" என்று இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ரிக்கெற்றில் இருக்கிற அடையாள அட்டை இலக்கமும் உங்கள் கையில் இருக்கிறதும் ஒத்துப்போகாவிட்டால் ஆசனமும் இல்லை, காசும் இல்லை. இன்னொன்று: டித்வாவில் மலைநாட்டு ரயில் பாதை பல இடத்தில் உடைந்தது. உங்கள் திகதியில் ரயில் எதுவரைக்கும் ஓடுகிறது என்று ஸ்ரேசனில் கேட்ட பிறகே மற்ற எதையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, முழுக்கப் பஸ். கண்டி வரை ஒன்று, கண்டியிலிருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ ஒன்று, அங்கிருந்து எல்லவுக்கு ஒன்று. செலவு மிகக் குறைவு. இரண்டு மூன்று இளம் ஆட்கள் என்றால் இதையே செய்யுங்கள். எல்லவிலிருந்து வெல்லவாய போகிற எந்தப் பஸ்ஸிலும் ஏறி, நீர்வீழ்ச்சியில் இறக்கிவிடச் சொன்னால் கொண்டக்டர் இறக்குவார்.

மூன்றாவது வான். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதுதான் வழி, எங்களைப்போல. இதில்தான் அதிகம் பிழை விடுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

3. வான் பேசும்போது: காசை விட சாரதியைப் பாருங்கள்

எங்கள் முதல் பயணத்தில் சாரதி நல்ல பெடியன். ஏ9இல் அப்படி ஒரு நிதானம். ஆனால் மலை ஓடி அனுபவமில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லவிலிருந்து நீர்வீழ்ச்சிக்குப் போகிற அந்த 6 கிலோமீற்றரும் முழுக்க இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. அவர் மட்டமான வீதியில் ஓடுகிற பழக்கத்தில் மேல் கியரிலேயே வைத்துக்கொண்டு, முழு இறக்கத்தையும் பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினார். பாதி வழியில் றப்பர் எரிகிற மாதிரி ஒரு மணம். அம்மா "யாரோ குப்பை எரிக்கினம்" என்றார். நீர்வீழ்ச்சியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன் சில்லிலிருந்து புகை. அங்கே கடை வைத்திருந்த ஒரு ஐயா ஓடி வந்து, "சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க தம்பி, சும்மா விடுங்க, அரை மணிக்கூறு ஆறட்டும்" என்று சொன்னார். பிறகு, எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்கவும் வேண்டும் என்று சாரதிக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்த மனிதருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இது சின்ன விஷயம் இல்லை. இதே எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு ஒரு சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள்.

அதனால் வான் பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "கிலோமீற்றருக்கு எவ்வளவு" இல்லை. "சாரதி நுவரெலியா, பதுளைப் பக்கம் எத்தனை தரம் ஓடியிருக்கிறார்" என்பதுதான். அடுத்தது பிரேக் கடைசியாக எப்போது பார்த்தது, ரயர் எப்படி. பழைய வழவழத்த ரயரோடு மழை மலைவீதியில் போகக் கூடாது, புறப்பட முதல் நாள் நீங்களே போய்த் தடவிப் பாருங்கள். மூன்றாவது, இரவில் மலை ஓட வேண்டாம் என்று முதலே பேசி முடியுங்கள்.

காசு விஷயம். எங்களுக்குக் கிலோமீற்றருக்கு 110 ரூபா பேசினார்கள். மூன்று நாளில் உள்ளூர் ஓட்டமும் சேர்த்து 950 கிலோமீற்றர் வந்தது, அதாவது 104,500 ரூபா, தலைக்கு 9,500. டீசல் விலையோடு இது ஏறி இறங்கும், நீங்கள் மூன்று இடத்தில் கேளுங்கள். எழுதி வாங்க வேண்டியவை: கணக்குத் தொடங்குவது உங்கள் வீட்டு வாசலிலிருந்தா வான்காரரின் வீட்டிலிருந்தா, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீற்றர் என்று ஏதும் இருக்கிறதா, குளிரூட்டி போட்டால் கூடவா, வாகனம் நிறுத்தும் காசு யாருடையது. சாரதிக்குச் சாப்பாடும் படுக்க ஒழுங்கான இடமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். வானுக்குள் சுருண்டு படுத்த ஆள் அடுத்த நாள் மலை ஓடக் கூடாது.

4. ஆவணங்கள்

ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் எல்லாவற்றையும் போட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

பெரியவர்கள் எல்லாருக்கும் தேசிய அடையாள அட்டை வேண்டும், மூலப் பிரதிதான், போனில் எடுத்த படம் உதவாது. விடுதியிலும் கேட்பார்கள், ரயிலிலும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகளுக்குக் கடவுச்சீட்டு. எங்கள் அக்கா கடவுச்சீட்டை "துலைஞ்சிடும்" என்று யாழ்ப்பாணத்தில் அலுமாரிக்குள் பூட்டிவிட்டு வந்தார், விடுதியில் பதிய முடியாமல் ஒரு மணித்தியாலம் போனது. கட்டணம் வாங்குகிற இடங்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குப் பெரும்பாலும் வேறு விலை என்பதையும் முதலே சொல்லிவையுங்கள், வாசலில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம். அத்தானுக்கு "நான் ஓடுறன்" என்று ஆசை வரும். கனடா லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது, அதற்கு இங்குள்ள அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் மலைவீதியில் தொடங்க வேண்டாம்.

வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றும் செல்லுபடியாகும் திகதியில் இருக்கின்றனவா என்று முதல் நாளே கண்ணால் பாருங்கள். பெரிய பஸ் பிடித்து ஊராகப் போகிறவர்கள், மாகாணம் தாண்டுகிற விசேட பயணத்துக்கான அனுமதியை பஸ்காரர் எடுத்திருக்கிறாரா என்று கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்குக் கல்வித் திணைக்கள அனுமதி தனி விஷயம், அதை ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்குங்கள்.

5. தங்குமிடம்

எல்ல ரவுண் முழுக்க வெளிநாட்டுக்காரருக்கான விலை. குடும்பமாகப் போகிறவர்கள் 12 கிலோமீற்றர் தள்ளிப் பண்டாரவளையில் தங்கினால் செலவு நன்றாகக் குறையும். சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, தமிழில் பேசி முடிக்கலாம். அம்மா விரதக்காரர் என்பதால் எங்களுக்கு இது பெரிய நிம்மதி.

விலை கேட்கும்போது ஒரு பொறி இருக்கிறது. "அறை 12,000" என்பார்கள். கணக்குத் துண்டு வரும்போது சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 18 வீதம் சேர்ந்து 15,576 என்று நிற்கும். முதல் பயணத்தில் நாங்கள் இரண்டு அறைக்கு இப்படி ஏழாயிரத்துக்கு மேல் கூடக் கட்டினோம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். சின்ன வீட்டு விடுதிகளில் இந்தச் சேர்மானம் பெரும்பாலும் இல்லை. இணையத்தில் டொலரில் போட்டிருக்கிற விலையைப் பார்த்துவிட்டு அப்படியே பதியாமல், ஒருதரம் போன் எடுத்து "உள்ளூர் ஆட்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம்" என்று கேளுங்கள், குறையும்.

எல்ல 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா அளவுக்குக் குளிராது, ஆனால் எங்களூர்ச் சூட்டுக்குப் பழகிய உடம்புக்கு இரவில் நன்றாகவே குளிரும். சுடுதண்ணீர் இருக்கிறதா, கூடுதல் போர்வை தருவார்களா என்று கேளுங்கள்.

6. நீர்வீழ்ச்சிக்கு எத்தனை மணிக்குப் போவது

காலை ஏழுக்கும் எட்டரைக்கும் இடையில். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்பதரைக்குப் பிறகு சுற்றுலா பஸ்கள் வந்துவிடும், வாகனம் நிறுத்துகிற இடம் குறுகலானது, வீதியோரம் முழுக்க அடைந்துவிடும். மதியத்துக்குப் பிறகு மழைக்கான வாய்ப்பு. மாசியில் நாங்கள் ஏழேகாலுக்குப் போனபோது எங்களைத் தவிர ஆறேழு பேர்தான். கடைக்காரர்கள் அப்போதுதான் தகரக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முழுத் தண்ணீரின் சத்தமும் எங்களுக்கே கேட்டது. அம்மா பாலத்துக் கட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். முகத்தில் தூறல் படப்பட முந்தானையால் துடைத்துத் துடைத்துத் திரும்பவும் பார்த்தார். சித்திரையில் இதே இடத்தில் அவர் வானை விட்டு இறங்கவே இல்லை.

வீதியில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. வாகனம் நிறுத்தினால் காசு கேட்பார்கள், துண்டு தந்தால் கொடுங்கள். வான் இல்லாதவர்கள் எல்ல ரவுணில் ஓட்டோ பிடிக்கலாம். எங்கள் ஆட்களில் நாலு பேர் ஒருதரம் ஓட்டோவில் போனார்கள்: 3,000 என்று தொடங்கி, போய்வர, ஒரு மணித்தியாலம் காத்திருக்க, 2,000 ரூபாவுக்கு வந்தது. போக மட்டும் பேசிவிட்டு இறங்கினால் திரும்பி வர ஓட்டோ கிடைப்பது கஷ்டம்.

ஓட்டோக்காரரிடம் "ராவணா" என்று மட்டும் சொன்னால் ராவணன் குகைக்குக் கொண்டுபோவார், அது வேறு இடம், பல நூறு படி ஏற வேண்டும். "ராவணா எல்ல" என்றால் நீர்வீழ்ச்சி. சிங்களத்தில் எல்ல என்றாலே நீர்வீழ்ச்சிதான்.

வேறு பொறிகள்: பளபளக்கிற கல்லைக் கையில் வைத்து, இரத்தினம் என்றும் மலையில் எடுத்தது என்றும் சொல்வார்கள். பிள்ளையின் கையில் "சும்மா வைச்சுக்கொள்" என்று கொடுத்துவிட்டுப் பிறகு பெரியவர்களிடம் காசு கேட்பதும் நடக்கும். வாங்காமல் சிரித்துக்கொண்டு நகருங்கள். குரங்குகள் அதிகம், கையில் சாப்பாட்டுப் பையோ கச்சான் சரையோ இருந்தால் பறிக்கும், எட்டிப் பிடித்து இழுபறிப்படாமல் விட்டுவிடுங்கள். படம் எடுக்க வீதி நடுவுக்குப் போகாதீர்கள். அது வெல்லவாய பஸ் ஓடுகிற பிரதான வீதி, வளைவிலிருந்து பஸ் வருவது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது.

7. தண்ணீருக்குள் இறங்கலாமா

இறங்க வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் யாரும் தட்டிவிடாதீர்கள்.

எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், பலர் இறந்த இடம் அது. இருந்தும் ஆட்கள் பாறையில் ஏறி நிற்பதைப் பார்ப்பீர்கள். எங்கள் அக்காவின் மகனுக்கு 14 வயது. காங்கேசன்துறைக் கடலில் நன்றாக நீந்துவான், அந்தத் தைரியத்தில் இறப்பர் செருப்போடு ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவினான். பாறை பிடிப்பான மாதிரித்தான் தெரிந்தது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி. செருப்பின் வார் அறுந்து, அவன் இருந்த இருப்பில் ஆறேழு அடி சறுக்கிக்கொண்டு போய் ஒரு கல்லில் முட்டி நின்றான். செருப்பு தண்ணீரில் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த தட்டில் விழுந்து காணாமல் போனது. அவனுக்கு முழங்கையில் ஐந்து தையல். அந்தக் கல் அங்கே இருந்ததால்தான் தையலோடு முடிந்தது.

நீச்சல் தெரிவது இங்கே உதவாது. கடல் உங்களைத் தூக்கும். அருவித் தண்ணீர் கீழே அமுக்கும், கீழே பாறை. அதோடு, மேலே எங்கோ மழை பெய்தால் உங்களுக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். தண்ணீர் மண்நிறமாகத் திரும்பினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே எல்லாரையும் வீதிக்கு ஏற்றுங்கள். பையைத் தேடி நிற்காதீர்கள்.

தொலைபேசி இலக்கங்களை எல்லாருடைய போனிலும் பதிந்துவிடுங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. 1990க்கு எடுத்தால் காசு இல்லை, எங்களுக்கு வந்தார்கள்.

8. மலை ஏறுவது: யாருக்கு எது

வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போனால் லிட்டில் அடம்ஸ் பீக் போதும். 1,141 மீற்றர் என்றால் எல்ல ரவுணை விட நூறு மீற்றர்தான் கூட. பசறை வீதியில் தொடங்குகிற இடத்திலிருந்து முக்கால் மணித்தியாலத்தில் மேலே நிற்கலாம். பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துக்குள் நல்ல பாதை, கடைசியில்தான் படிக்கட்டு. அம்மா 68 வயதில் மூன்று இடத்தில் இருந்து இருந்து ஏறிவிட்டார். உச்சியிலிருந்து எல்ல பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், நீர்வீழ்ச்சிக்குப் போன வீதி கீழே நூல்போல வளைந்து கிடக்கும். காலை ஆறரைக்குத் தொடங்குங்கள், வெயில் ஏறினால் மேலே நிழல் இல்லை.

கொழுந்து எடுக்கிற அம்மாமார் வழியில் இருப்பார்கள். கேட்காமல் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். "அம்மா, ஒரு படம் எடுக்கலாமா" என்று தமிழிலேயே கேட்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எங்கள் மொழி பேசுகிறவர்கள், நாள் முழுக்கக் கூடையோடு சரிவில் நிற்கிறார்கள். நின்று சுகம் கேட்டுவிட்டுப் போனால் அவர்களே நல்ல பாதையும் சொல்லுவார்கள், மழை வருமா என்றும் சொல்லுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

எல்ல பாறை அப்படியில்லை. போய்வர மூன்று நாலு மணித்தியாலம், கடைசி ஏற்றம் நெட்டுக்குத்து. நடக்கப் பழகியவர்கள் மட்டும் போங்கள். வழமையான பாதை எல்ல ஸ்ரேசனிலிருந்து தண்டவாளத்தோடு கித்தல்எல்ல பக்கம் போய்ப் பிறகு பிரியும். தண்டவாளத்தில் நடக்கும்போது காதில் இயர்போன் வேண்டாம். பாதை பிரிகிற இடங்களில் "இது பிழையான வழி, அங்காலே வாங்கோ" என்று யாராவது கூட்டிப்போய்ச் சுற்றவைத்துவிட்டுக் கடைசியில் வழிகாட்டிய காசு கேட்பது அங்கே பழைய தந்திரம். வழிகாட்டி வேண்டுமென்றால் விடுதியில் சொல்லி, காசு பேசி, அங்கிருந்தே கூட்டிப்போங்கள். வேண்டாம் என்றால் போனில் வரைபடத்தை முதலே இறக்கிவைத்துவிட்டு அதையே பாருங்கள். மழை பெய்த அடுத்த நாள் அட்டை கடிக்கும். சோக்ஸுக்குள் காற்சட்டையைச் செருகி, வெளியே சவர்க்காரம் பூசினால் ஏறுவது குறையும். கடித்தால் இழுத்துப் பிய்க்காமல் உப்பு வைத்தால் விழுந்துவிடும்.

ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போனால் ரயில் வருகிற நேரத்தை ஸ்ரேசனில் கேட்டுவிட்டுப் போங்கள். 24 மீற்றர் உயரம், ஓரத்தில் கைபிடி இல்லை. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

9. பையில் போட வேண்டியவை

பிடிப்புள்ள சப்பாத்து, எல்லாருக்கும், செருப்பு வேண்டாம். மெல்லிய மழைக்கோட்டு, குடை காற்றில் உதவாது, ஏறும்போது ஒரு கையையும் பிடித்துவிடும். வாந்திக் குளிசை, வளைவு தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் கொடுங்கள், தொடங்கிய பிறகு கொடுத்து வேலையில்லை. மாற்று உடுப்பு, ஒரு சாறம், துவாய், ரோச் லைற், உப்புச் சரை, காயத்துக்குக் கட்ட துணி. சில்லறைக் காசு நிறைய வேண்டும், பஸ்ஸுக்கும் கழிப்பறைக்கும் அவித்த சோளத்துக்கும் ஐயாயிரம் தாளை நீட்ட முடியாது. வீட்டிலிருந்து புட்டு கட்டிக்கொண்டு போனால் முதல் நாள் மதியச் செலவு மிச்சம், ஆனால் சுற்றின இலையையும் பையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள், அந்த இடம் வனசீவராசிகள் சரணாலயத்துக்குள் வருகிறது.

10. திரும்பி வருவது

எல்லவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வானில் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாது, சாப்பாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் நிறுத்தினால் பன்னிரண்டு. மூன்றாம் நாள் காலையில் "இன்னும் ஒரு இடம் பார்த்துவிட்டுப் போவம்" என்று யாராவது தொடங்குவார்கள். தொடங்கவிடாதீர்கள். ஏழு மணிக்குள் வான் நகர வேண்டும். மலை இறக்கத்தைக் காலையிலேயே முடித்துவிட்டால் சாரதிக்கும் களைப்புக் குறையும், பொழுதுபட முன்னர் வவுனியாவுக்குக் கிட்ட வந்துவிடலாம். அங்கே ஒரு தேத்தண்ணீருக்கு நிறுத்தி, சாரதியை முகம் கழுவச் சொல்லி, முன் ஆசனத்தில் நித்திரை கொள்ளாத ஒருவரை இருத்துங்கள். மாங்குளம் தாண்டினால் இரவில் ஏ9 வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து நடுவிலேயே படுத்திருக்கும், கறுத்த மாடு என்றால் லைற் வெளிச்சத்தில் கிட்டப் போகும்வரை தெரியாது. கிளிநொச்சி வரைக்கும் 50க்கு மேல் ஓடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.